அண்ணி உட்கார்ந்த மூன்று நாள்

முகம் வரைகிற தாளில் நான் இரண்டு தடவை தோற்றவள். இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அப்போது முடியவில்லை.

மற்றதெல்லாம் தேறியிருந்தேன். களிமண் வேலை தேறினேன், அச்சு வேலை தேறினேன். கலை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். பஸ்ஸில் போக வர மனப்பாடம் பண்ணி அதையும் தேறினேன். ஒரு ஆளை எதிரில் உட்கார வைத்து, அந்த ஆளை அந்த ஆளாகவே எண்ணெய் வண்ணத்தில் போடு என்றால் மட்டும் கை சொன்ன பேச்சைக் கேட்காது. நாலு வருஷப் படிப்பை ஐந்து வருஷத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்து விதி. அது ஐந்தாவது வருஷம். அந்த ஒரு தாள் போனால் பட்டம் போச்சு. பட்டம் போனால், "ஜூன்ல சர்டிபிகேட்டோட வந்துடுங்க" என்று சொல்லி வைத்திருந்த பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சர் வேலையும் போச்சு. எனக்கு வயசு முப்பத்தேழு. இனிமேல் இன்னொரு தடவை முதலிலிருந்து என்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஏன் தோற்றேன் என்று கேட்டால், நான் பதினொரு வருஷம் பெரம்பலூரில் ஒரு பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் முகம் என் கைக்குத்தான் வரும். வந்தவுடன் முதல் வேலை வெள்ளை ஏற்றுவது. அப்புறம் மச்சத்தை எடுப்பது, கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பை எடுப்பது, கன்னத்தை வழவழவென்று ஆக்குவது. "அக்கா, கொஞ்சம் செவப்பாப் போடுங்க" என்று சொல்லாத ஆளே கிடையாது. ஒரு பெரியவர் சொன்னார்: "பொறக்கும்போது கருப்பாப் பொறந்துட்டேன்மா. போகும்போதாவது செவப்பாப் போறேன்." அவரே உயிரோடு வந்து தன் அஞ்சலி பேனருக்குப் போட்டோ கொடுத்துவிட்டுப் போனவர். அந்தப் பேச்சை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். பக்கத்திலேயே பென்சிலில் அவரையும் போட்டு வைத்தேன்.

அரியலூர் ரோட்டில் இருக்கிற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்து ஓவியத்துறை மேடம், கிறிஸ்துமஸ் பேனருக்காக எங்கள் கடைக்கு வந்தவர், அந்தப் பென்சில் படத்தைப் பார்த்துவிட்டுத்தான், "வயசு ஒரு தடையில்லை, விண்ணப்பம் போடுங்க" என்றார். போட்டேன். பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். எல்லோருக்கும் நான் அக்கா. காலையில் ஜெபம், அப்புறம் கான்வாஸ். எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் பென்சிலில் வந்தது பிரஷ்ஷில் வரவில்லை. வண்ணம் என்று வந்தவுடன் கடையில் பழகிய கை முந்திக்கொள்ளும். டீ மாஸ்டரை உட்கார வைத்துப் போட்டால் மாப்பிள்ளை மாதிரி வருவார். பூக்காரம்மாவைப் போட்டால் அவருடைய மகள் மாதிரி வருவார். இரண்டாவது தடவை வந்த தேர்வாளர், நான் நாலு வருஷமாகப் போட்ட முகங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே வூட்டுப் புள்ளைங்களா?" என்று கேட்டார். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க மூஞ்சியப் பாக்குறதுக்கு முன்னாடியே அதத் திருத்திடுறீங்க" என்றார். மருந்து கசந்தாலும் நோய் இன்னதென்று தெரிந்தது.

இந்தப் பரீட்சைக்கு ஆளை நாமே கொண்டுவர வேண்டும். மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். மூன்றாவது முறைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர், சிமெண்டு லாரி ஓட்டுகிறவர், சோறு தின்றுகொண்டே சொன்னார்: "எங்க அக்காவக் கூப்பிடேன். கரும்பு வெட்டு முடிஞ்சு சும்மாதான் இருக்கு."

அவருடைய அக்கா, அதாவது என் பெரிய நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், எறையூரில் கரும்புக் கொல்லை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டிவிட்டவர். புருஷன், எனக்கு அண்ணன் முறை, போய் எட்டு வருஷம். ஒண்டியாளாக நின்று கொல்லையைப் பார்க்கிறார். நான் படிக்கப் போன நாளிலிருந்து என்னை இடிப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. "படம் போட்டா பானை பொங்குமா?" என்பார். "பந்தல் பிரிச்சப்புறம் பொண்ணு மருதாணி வைக்குது" என்பார். எனக்குக் கோபமும் வரும், அந்த வாய்க்கு ஆசையும் வரும். போன் போட்டேன்.

"சும்மா உக்காரணுமா? எவ்ளோ நேரம்?"

"நாலு மணி நேரம் அண்ணி. மூணு நாள்."

"உக்காந்திருக்குறதுக்கு ஒரு பரீட்சையா? அதுலயா நீ ரெண்டு தடவை கோட்டை விட்ட?"

"உக்கார்றது நீங்க அண்ணி. போடுறது நான்."

"அப்ப நான் பாஸு. உன் பாட்ட நீ பாத்துக்க."

முதல் நாள் வந்தார். கொல்லைக்குப் போகிற கோலத்திலேயே வந்தார். பழைய நூல் சேலை, மேலே அண்ணன் உடுத்திய நீலக்கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. "உனக்கு இப்படித்தானே வேணும்? வர்ற வழியில ஒருத்தி, எந்தக் கொல்லைக்கு ஆளுன்னு கேட்டா. கான்வாஸ் கொல்லைக்குன்னு சொன்னேன்" என்றார். கான்வாஸ் என்கிற சொல்லை என் வாயிலிருந்து பொறுக்கி வைத்திருந்திருக்கிறார்.

ஆரம்பிக்கும் முன் மேடம் ஜெபம் பண்ணினார். மாணவர்களுக்காக, தேர்வாளருக்காக, கடைசியில், "அசையாமல் உட்காரப் போகிற இந்தச் சகோதரிகளின் முதுகுக்கும் பெலன் தாரும் ஆண்டவரே" என்று. அண்ணி கண்ணை மூடியபடியே என் பக்கம் சாய்ந்து, "என் முதுகு வலி இவங்களுக்கு எப்படிடி தெரியும்?" என்று கேட்டார்.

கான்வாஸின் பின்பக்கம் பல்கலைக்கழக முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஒன்றுதான். கெட்டாலும் மாற்று கிடையாது.

அன்றைக்கு என்னவோ நடந்தது. அண்ணியின் முகத்தில் திருத்த என் கைக்கு வழி தெரியவில்லை. அந்தக் கருப்பில் பழுப்பு இருந்தது, தாடைக்குக் கீழே பச்சை இருந்தது, கன்னத்து மேட்டில் செம்பு இருந்தது. கரும்புத் தோகை கிழித்த கோடுகள் காதுப் பக்கம் வெளுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துக் கலப்பதற்கே நேரம் போனது. வெள்ளை ஏற்ற நேரமில்லை. மேடம் வந்து என் முதுகுக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றார். ஒன்றும் சொல்லாமல் போனார். ஐந்து வருஷத்தில் அப்படி அவர் சும்மா போனதே இல்லை.

மணி அடித்ததும் அண்ணி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுற்றி வந்து படத்தைப் பார்த்தார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அண்ணி பேசாத பஸ் பயணத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டில்தான் தங்கல். காபி குடிக்கும்போது தம்பியைப் பார்த்து, "ஏன்டா, நான் அவ்ளோ கெழவியாவா ஆயிட்டேன்?" என்று கேட்டார். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "இப்பத்தான் தெரியுதா?" என்று சிரித்தார். ஆண்பிள்ளைக்கு எந்த நேரத்தில் சிரிப்பது என்று தெரிந்தால் பாதிக் குடும்பச் சண்டை இருக்காது.

மறுநாள் சாமான் எடுத்து வைக்க நான் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். அண்ணியை வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

என் முகூர்த்தப் பட்டு. அரக்குச் சிவப்பு. என் பீரோவில் இருந்தது. தலைமுடி கரிக்கட்டை மாதிரி கருத்திருந்தது. விடியற்காலையிலேயே பாக்கெட் டை கலந்து பூசியிருக்கிறார். முகம் முழுக்க பவுடர். எட்டு வருஷமாக வெறுமையாக இருந்த நெற்றியில் பயறு அளவுக்கு ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு.

"என்ன அண்ணி இது?"

"என்னன்னா? பொடவை."

"நேத்துச் சட்டை எங்க?"

"தொவச்சுப் போட்டேன். காயல."

"அண்ணி, மூணு நாளும் ஒரே மாதிரி இருக்கணும். படம் பாதி முடிஞ்சிருச்சு."

"பாத்தேனே, பாதிய. மீதியாவது மனுசி மாதிரி இருக்கட்டும். நாளைக்குப் பத்துப் பேரு பாக்குற படம். அதுல போயி கொல்லைக்காரியாவா உக்காருவேன்?"

"நீங்க கொல்லைக்காரிதானே அண்ணி?"

"கொல்லையில கொல்லைக்காரி. இங்க எதுக்கு?"

மேடம் வந்தார், பார்த்தார், விவரம் கேட்டார். "உட்கார்ற நிலை மாறக் கூடாதுன்னுதான் விதி. உடைய நான் கட்டாயப்படுத்த முடியாது. வேற கான்வாஸும் தர முடியாது. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அவருக்கென்ன, தேர்வு நடத்துகிறவர்.

நான் கெஞ்சினேன். எனக்கு இது கடைசித் தடவை என்று சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டார். அப்புறம், குரலை உயர்த்தாமல், ஒன்று கேட்டார்.

"கடையில வந்த கண்டவளுக்கெல்லாம் செவப்பாப் போட்டுக் குடுத்தியே, எனக்கு மட்டும் ஏன்டி உள்ளபடி?"

வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. "அண்ணன் செத்தப்ப பேனர்ல நெத்தித் தழும்ப அழிச்சுட்டேன்னு நீங்கதானே என்னைய வைஞ்சீங்க? இது அவரு மூஞ்சியே இல்லன்னு?" என்றேன். உண்மைதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், துக்க வீட்டில் அத்தனை பேர் முன்னால், "தழும்பு எங்க?" என்று கேட்டவர் அவர்.

அண்ணி கொஞ்ச நேரம் பட்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"அவரு செத்தவரு. செத்தவர மாத்தக் கூடாது. நான் உசுரோட இருக்கேன். எனக்கு ஒரு ஆச இருக்கக் கூடாதா? எறையூர்ல இந்தப் பொட்ட வச்சா தெருவே பேசும். இங்க என்னைய யாருக்குத் தெரியும்?"

"உக்காருங்க அண்ணி" என்றேன்.

முதல் அரை மணி நேரம் எனக்கு எரிச்சல்தான். கான்வாஸில் போட்டிருந்த சட்டையைத் தட்டைக் கத்தியால் சுரண்டினேன். முகத்தைத் தொடத் துணிவில்லை. அப்புறம் பாழாய்ப்போன பழைய கை எழுந்து வந்தது. பவுடர் முகம்தானே, உனக்குப் பழக்கப்பட்டதுதானே என்று ரோஸ் நிறத்தையும் வெள்ளையையும் தாராளமாகக் கலந்தது. பிரஷ்ஷைக் கொண்டுபோய் நெற்றியில் வைக்கப் போனவள், அப்போதுதான் அண்ணியின் நெற்றியை ஒழுங்காகப் பார்த்தேன்.

அங்கே ரோஸ் இல்லை. கருப்பின் மேல் பவுடர் சாம்பலாக, கொஞ்சம் ஊதாவாக நின்றது. எங்கள் வகுப்பறைக்கு மேலே தகரக் கூரை, சித்திரை வெயில். பதினோரு மணிக்கே வேர்க்க ஆரம்பித்துவிட்டது. மூக்குத் தண்டில் பவுடர் வழிந்து செம்புத் தோல் பளபளத்தது. வாயோரச் சுருக்கத்தில் பவுடர் போய்க் கோடாக உறைந்திருந்தது. காதுக்கு முன்னால் டை கசிந்து மை மாதிரி இறங்கியது. தோகைக் கீறல்கள் பவுடருக்கு மேலேயே தெரிந்தன. கண் மட்டும் நேற்றைய கண் இல்லை. நேற்று அது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு, நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளையாக்குகிற வேலையை அண்ணியே முடித்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அந்த வேலை மிச்சமில்லை. அவர் பூசியதைப் பூசியபடி போட்டால் போதும். இது புரிந்தவுடன் எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. கலந்த ரோஸைத் துணியில் துடைத்துப் போட்டேன். நேற்றைய முகம் அடியில் அப்படியே இருந்தது. அதன் மேல் சாம்பலைக் கொண்டுவந்தேன், அவர் காலையில் கண்ணாடி முன்னால் கொண்டுவந்த மாதிரியே. வேர்வை பவுடரைத் துடைத்த இடத்தில் நானும் துடைத்தேன்.

"தொடச்சுக்கவா? கழுத்துல ஊத்துது" என்றார் அண்ணி.

"வேணாம் அண்ணி, அப்படியே இருங்க."

"நேத்து ஆடாதன்ன, இன்னிக்கு வேர்வையக்கூடத் தொடைக்காதங்குற. உங்க மேடத்த வேர்வைக்கும் சேத்து ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கலாம்."

இரண்டு நாள் அப்படியே போட்டேன். மூன்றாம் நாளும் அதே பட்டு, அதே பவுடர், அதே பொட்டு. வீட்டில் என் வீட்டுக்காரர் பொட்டைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். "வண்டிய எடுடா" என்றாராம் அண்ணி.

மூன்றாம் நாள் சாயங்காலம் தேர்வாளர் வந்தார். இந்த முறை வேறு ஆள். நரைத்த தாடி, மெதுவான பேச்சு. ஒவ்வொரு படமாக நின்று பார்த்து வந்தார். என்னிடம் வந்ததும் படத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். தோள் பக்கம் நான் சரியாகச் சுரண்டாமல் விட்ட ஒரு நீலக்கட்டம் பட்டுக்கு உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. "இது என்ன?" என்றார். "முதல் நாள் சட்டை சார். இவங்க மனசு மாறிட்டாங்க" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அண்ணியின் பக்கம் திரும்பினார். "எப்படிம்மா, உங்கள மாதிரி இருக்கா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணி சுற்றி வந்தார். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்க மாட்டேன் என்று ரோஷமாக இருந்தவர். இப்போதுதான் பார்க்கிறார். நெற்றியைப் பார்த்தார். வாயோரத்தைப் பார்த்தார். காதுப் பக்கம் இறங்கின மையைப் பார்த்துவிட்டுத் தன் காதைத் தொட்டுக்கொண்டார். பொட்டில் வந்து நின்றார்.

"பவுடரு கொஞ்சம் கூடிப்போச்சு சார்" என்றார். "அது என் தப்பு. அவ கண்டதத்தான் போட்டிருக்கா."

தேர்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் கான்வாஸ்களுக்கு முன்னால் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். தேர்வாளர் தாளில் என்னவோ எழுதினார், எனக்கு எட்டாத தூரம். போகும்போது அண்ணியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மேடம் என் தோளைத் தட்டி, "ஊருக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லக் கூடாது, நானும் கேட்கக் கூடாது.

நான் பிரஷ்களைக் கழுவினேன். அண்ணி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பொட்டை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பொட்டைச் சுற்றித்தான் கழுவினார்.

ரிசல்ட் மூன்று வாரம் கழித்து வந்தது. மேடமே போன் பண்ணினார். நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவது கேட்டது. அவ்வளவு நல்ல சத்தமாக அது எனக்கு அதற்கு முன் கேட்டதில்லை. வீட்டுக்காரர் லாரியில் இருந்தார். அண்ணிக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

"பாஸ் அண்ணி!"

"யாரு, நீயா நானா?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்ப இனிமே உக்கார வேணாம்ல?"

"வேணாம் அண்ணி."

"அப்பாடா" என்றார், மனசார. அந்த மூன்று நாளும் அவருடைய முதுகு என்ன பாடு பட்டிருக்கும் என்பது எனக்கு அந்த ஒரு சொல்லில்தான் தெரிந்தது. அப்புறம் கேட்டார்: "படத்தக் குடுத்துட்டாங்களா?"

"பரீட்சைப் படத்தத் தர மாட்டாங்க அண்ணி. அவங்களே வச்சுக்குவாங்க. துறை வராந்தாவுல மாட்டியிருக்காங்களாம்."

மறுமுனையில் தண்ணீர் ஓடுகிற சத்தம். என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை. வேண்டாம், எடுத்துவிடச் சொல்லு என்று சொன்னாலும் சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"வராந்தாவுலயா? போற வர்றவங்கல்லாம் பாப்பாங்களா?"

"பாப்பாங்க."

"பொட்டோடயா?"

"பொட்டோடதான்."

"சரி, இருக்கட்டும்" என்றார் அண்ணி. "போன வெய்யி, மடை திருப்பணும்."